பாதி கறுத்த லாந்தர்

வங்காளத்துப் பக்கம் சண்டை நடந்ததே, ஆவடியில் டாங்கி செய்கிறார்கள் என்று எங்கள் பக்கமெல்லாம் பொழுது சாய்ந்ததும் விளக்கை மறைக்கச் சொன்னார்களே, அந்தக் கார்த்திகையில்தான் என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வருஷக் கணக்குக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. பள்ளிக்கூடத்து வாசலை மழைக்கு ஒதுங்கியபோது பார்த்ததோடு சரி. ஆனால் அந்தச் சண்டை நன்றாக நினைவிருக்கிறது. அகல் ஏற்றவேண்டிய மாசத்தில் விளக்கை அணைக்கச் சொன்னால் மறக்குமா? ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் திருநின்றவூரைச் சுற்றிச் சுற்றி வந்து, வெளிச்சம் தெரியக் கூடாது என்று கத்திவிட்டுப் போவார். எங்கள் தெருவுக்குக் கரண்டே வரவில்லை. இருந்தது வீட்டுக்கு ஒரு லாந்தர். அதையும் விடவில்லை.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் தகடு ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தேன். கம்பெனியில் கறுப்புப் பெயிண்ட் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து லாந்தர்க் கண்ணாடியைச் சுற்றி அடித்தேன். ஒரு பக்கம், அடியில், கை அகலத்துக்கு மட்டும் விட்டுவிட்டேன். ஏற்றிவைத்தால் தரையில் ஒரு முறம் அளவு வெளிச்சம் விழும். பிடித்திருக்கிறவர் முகம்கூடத் தெரியாது. சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது. பெயிண்டைச் சுரண்ட எனக்குச் சோம்பல். லாந்தர் அப்படியே ஆணியில் தொங்கியது. அந்தச் சோம்பலுக்கு நான் பிறகு எத்தனையோ தடவை கும்பிடு போட்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

என் மனைவி பட்டாபிராமில் வீடு கட்டுகிற இடங்களில் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் பேசிக்கொண்டே ஏறுவாள். அவள் வாய் நின்று நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் பாதி ஏணியில் நின்று கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம். ரத்தம் இல்லை என்றார் பக்கத்து டிஸ்பென்சரி கம்பவுண்டர். இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். இதைக் குடித்தால் வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னார். கறுப்போ சிவப்போ, யார் பார்த்தது?

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தெருப் பெண்கள் வெளிக்குப் போவது ஏரிக்கரைப் பக்கம். விடிவதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாக, கூட்டமாகப் போய்விட்டு வந்துவிடுவார்கள். விளக்கு எடுத்துப் போகக் கூடாது. அது ஒரு கட்டுப்பாடு. அரக்கோணம் பக்கமிருந்து வருகிற ரயில் வண்டியின் விளக்கு வளைவில் திரும்பினால் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து நிற்பார்களாம். வண்டி போனபிறகு மறுபடி உட்காருவார்களாம். மானத்துக்காக வைத்துக்கொண்ட இருட்டு அது. ஆம்பிளைகள் எங்களுக்குத் தண்டவாளம் ஓரம், பகல் வெளிச்சம், பீடி. வெளிக்குப் போனதை நாங்கள் மட்டும் திரும்பிப் பார்த்தோமா என்ன?

டானிக் குடித்தும் அவள் வெளுத்துக்கொண்டே போனாள். அடுத்த வீடு அவளுடைய அக்காவின் வீடு. புருஷன் இல்லாதவள், குரல் பெரிது, மனசும் பெரிது. தங்கைக்கு ரத்தம் இல்லையா, நான் ஊற வைக்கிறேன் என்று இறங்கிவிட்டாள். ஆடு அறுக்கிற இடத்துக்குப் போய் ஆட்டு ரத்தம் வாங்கிவருவாள். வெங்காயம், மிளகு, தேங்காய் போட்டுப் பொரிப்பாள். ஒரு நாள் ஆட்டு மண்ணீரல், சுவரொட்டி என்போமே அது, ஒரு நாள் ஈரல். தெருவே மணக்கும். எனக்கும் எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு வாய் கிடைக்கும். நாங்கள்தான் சிவந்தோம்.

கடைசியில் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா. ஒல்லி, காலில் ரப்பர் செருப்பு, எழுதிக்கொண்டே பேசுவார்.

"மலத்தில ரத்தம் போகுதாம்மா?"

"தெரிலையே டாக்டரம்மா. இருட்டுல போறோம். எத்த பாக்கறது?"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, வயிற்றை அழுத்திப் பார்த்தார். பெண்ணுக்கு ரத்தம் குறைய ஆயிரம் காரணம் உண்டு, குடலில் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்தாலும் குறையும், அதை ஒரு மருந்து ஊற்றிப் பார்த்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்றார். வாய் அகலமான ஒரு புட்டியைக் கொடுத்தார். மலம் கொஞ்சம் எடுத்துவரவேண்டும். அதற்கு முந்தின சில நாள் கறி தின்னக் கூடாது, டானிக்கும் குடிக்கக் கூடாது.

"அய்யே!" என்றேன் நான்.

"உன்னியா எட்தாரச் சொன்னாங்க? கம்முனு கெட" என்று என் மனைவி புட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தப் புட்டியை நாங்கள் எடுத்துப்போன பயணத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கரி ரயில் வண்டி. கண்ணில் தூசி விழும், நிற்க இடம் இருக்காது. அக்காவும் துணைக்கு வந்தாள். புட்டியைத் துணியில் சுற்றி, தூக்குவாளிக்குள் வைத்து மூடி, மடியில் வைத்திருந்தாள் என் மனைவி. எதிரில் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் வாளியைப் பார்த்துவிட்டுக் கிண்டினார்.

"இன்னாமே, அப்டி கட்டிப் புட்ச்சிகினு கீற? நல்ல சாப்பாடா?"

"நேத்து துன்ன சோறுதான் அண்ணாத்தே" என்றாள் அவள், முகம் மாறாமல். "பசிச்சா சொல்லு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஆவடி வந்ததுகூடத் தெரியவில்லை.

மறுபடி போனபோது டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. மருந்து நன்றாக நிறம் மாறியிருக்கிறது என்றார். எதற்கும் கேட்போம் என்று, "கறி எதுவும் சாப்பிடலையே?" என்றார்.

"இல்லவே இல்ல" என்றாள் அக்கா, முன்னால் வந்து. "கறிய கண்ல காட்டல. ரத்தப் பொரியல் மட்டும்தான் குட்த்தேன்."

"என்னது?"

"ஆட்டு ரத்தம் டாக்டரம்மா. நீங்க கறிதானே வாணாம்னீங்க? ரத்தம் எப்டி கறியாவும்?"

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் பேச்சு அப்படித்தான். கறி வேறு, ரத்தம் வேறு, குடல் வேறு, தலை வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனிச் சட்டி. அக்கா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்துக்கு ஆட்டின் ரத்தம் எது, மனுஷி ரத்தம் எது என்று தெரியாதாம். பரிசோதனை வீண்.

அந்த இடத்தில்தான் என் மனைவியின் உயிர் நூலில் தொங்கியது. அப்போது எங்களுக்கு அது தெரியாது. வெளியே வந்ததும் அக்கா கையைத் தட்டினாள்.

"பாத்தியா! ஆட்டு ரத்தத்தப் பாத்து பயந்துட்டாங்க. உனுக்கு ஒண்ணியும் இல்ல. வா, ஊட்டுக்குப் போய் சோக்கா துன்னுட்டுத் தூங்கு."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கிறது. "அக்கா சொல்றதும் செரிதான்" என்றேன்.

என் மனைவி மரத்தடியில் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"ஆட்டு ரத்தமா, என் ரத்தமா? அத்த தெரிஞ்சிக்காம நான் ஊட்டுக்கு வரமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

திரும்பி உள்ளே போய் இன்னொரு புட்டி வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்த லாந்தரை இறக்கித் திரியை நறுக்கினாள். எதற்கு என்றேன். "எனுக்கு இன்னா போவுதுன்னு எனுக்கே தெரிலன்னு அந்தம்மா முன்னாடி சொன்னேன் பாரு, அவமானமா பூட்ச்சி. நாளைக்கு பாத்துட்டு வரேன்" என்றாள்.

விடியற்காலையில் ஏரிக்கரையில் பெரிய ரகளை. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். லாந்தரோடு வந்தவளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்களாம். முதலில் கத்தியது அவளுடைய அக்காதான்.

"வெளிச்சத்துல எவளாவது குந்துவாளாடி? மானம் போவுது, அணைடி!"

"எங்க வெளிச்சம்? உன் மூஞ்சி தெரிதா? என் மூஞ்சி தெரிதா?" என்று இவள் லாந்தரைத் தூக்கிக் காட்டினாள். சண்டைக்கு அடித்த பெயிண்ட். தரையில் மட்டும் ஒரு முறம் வெளிச்சம். "நா என் பின்னாடி கீறத்தத்தான் பாக்கப் போறேன். உன் பின்னாடி கீறத்த எவ பாத்தா?"

"பைத்தியம் புட்ச்சிகிச்சி இவளுக்கு."

"பவுடர் பூசிகினு கண்ணாடில மூஞ்சிய எம்மாம் நேரம் பாக்கறீங்க? இத்த ஒரு தபா பாத்தா கண்ணு பூடுமா?"

அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். இவள் தனியாக, கரையின் மறுபக்கம் லாந்தரோடு போனாள். ஒரு வாரம் கறி இல்லை, ஈரல் இல்லை, டானிக் இல்லை. அக்கா பொரித்துக் கொண்டுவந்த சட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அக்கா அந்தச் சட்டியைத் தெருவில் கவிழ்த்துவிட்டு, இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று போய்விட்டாள். நாய்களுக்கு அன்று விருந்து.

அந்த வாரக் கடைசியில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் லாந்தரை ஆணியில் மாட்டினாள்.

"என் ரத்தந்தான்யா" என்றாள். "கோழை மாரி ஒண்ணு, அதுல செவப்பா கோடு. ஆடு பாவம், அது மேல பழி போட்டோம்."

அழவில்லை. நான்தான் அழுதேன்.

புட்டியும் அதையேதான் சொன்னது. பிறகு கீழ்ப்பக்கமாக வெள்ளை மருந்து ஏற்றி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இடப் பக்கத்துக் குடலில் ஓர் இடத்தில் வெள்ளை நெரித்துப்போயிருந்தது, கயிறு கட்டி இறுக்கிய கோணிப்பை மாதிரி. புற்று. அந்தச் சொல்லை டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். எங்கள் தெருவில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு எச்சில் துப்புவார்கள். குடலில் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடைத்துக்கொண்டிருக்கும், ஈரலுக்கும் போயிருக்கும் என்றார்கள். இரண்டாவது புட்டி வாங்காமல் வந்திருந்தால் என்று நினைத்து, அக்கா சொன்னது சரி என்ற வாயில் நான் அங்கேயே அடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் ஊசி. டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை.

"இது புது மருந்தும்மா. குணமாயிடும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். கத்திக்குத் தப்பிப் புற்று எங்கேயாவது ஒளிஞ்சிருந்தா இது போய்த் தேடும். ஆனா நல்லதையும் கொஞ்சம் அடிக்கும். வாய் புண்ணாகும், பேதியாகும்."

"சத்தியம் வாணாம் டாக்டரம்மா. ஊசிய போடுங்க. நா பாத்துக்கறேன்."

பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது அந்த மருந்து. அதன் வேலை தண்ணீர் மாதிரி இல்லை. வாய் முழுக்கக் கொப்புளம். உப்பு பட்டால் துடிப்பாள். ஊசி ஏறிய நரம்பு முழுக்கக் கறுத்து, கையில் யாரோ கரியால் கோடு இழுத்த மாதிரி ஓடியது. நீர்மோரும் ஆறின கஞ்சியும்தான் சாப்பாடு. பேதி போகிற நாளில், விடியும்வரை காத்திருக்க முடியாது. நான் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி நாலு பக்கமும் தகட்டை நிறுத்தினேன், கம்பெனியில் கழித்துப்போட்ட தகடு, கேட்டு வாங்கியது. தெருவில் முதல் கக்கூஸ் அதுதான். கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். "இன்னா மாமே, பொண்டாட்டிக்கு மாளிகை கட்றியாமே?" என்றான் ஒருவன். "ஆமா மச்சான், நீ வந்தா உனக்குக் கதவு தொறக்க மாட்டேன்" என்றேன். எனக்கும் கொஞ்சம் அவள் வாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒட்டிக்கொள்வது என்றதும் நினைவு வருகிறது. அடிபம்பில் அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. புற்று ஒட்டிக்கும் என்று குடத்தை நகர்த்தி வைத்தார்கள். நிற்க முடியாத உடம்போடு அவள் போய் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒட்ற வியாதியா இது? அப்டீன்னா மொதல்ல எங்கூட்டு ஆளுக்கு ஒட்டியிருக்கணும். பாரு அந்தாள, எரும மாரி கீறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எருமை மாதிரிதான் நின்றேன். யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் தன் குடத்தை வைத்து அடித்தாள். நான் உதவப் போனேன், தள்ளிப் போ என்றாள்.

ஊசியை நடுவில் விடச் சொல்லாதவர்கள் இல்லை. அக்காகூட மற்றவர்களிடம் சொல்லி அனுப்பினாள். வாய் வெந்துபோய்ச் சாகப்போகிறாள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று. இவள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. ரத்தம் பரிசோதித்து, இந்த வாரம் வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிய நாட்களில் மட்டும் சும்மா வந்தாள். அப்போதும் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள். கடைசி ஊசி போட்டுக்கொண்டு ஏரியில் தண்ணீர் ததும்பிய ஒரு மழைக்காலத்தில் வீடு வந்தோம்.

அன்றைக்கு டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவர்களுக்கும் இது வர இடம் உண்டு, ஒன்றும் இல்லாதபோதே பார்த்துவிட வேண்டும். ஏரிக்கரை லாந்தரைப் பற்றி இவள் சொன்னதும் அவர் சிரித்தார். "லாந்தர் வெளிச்சத்தில எல்லாம் தெரியாதும்மா. கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே புட்டி காட்டும். ஆனா இருட்டுல பாக்காம எழுந்து வர்றதுக்கு லாந்தர் எவ்வளவோ மேல்."

மறுநாளே இவள் ஒரு புட்டியோடு அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். பேச்சு நின்று மாசக்கணக்காகிவிட்ட வீடு. நான் வாசலில் நின்றேன்.

"எனுக்கு இன்னா கொறைச்சல்?" அக்காவின் குரல் தெருமுனைவரை கேட்டது. "குண்டுக்கல்லு மாரி கீறேன். ஒண்ணுமில்லாததுக்கு பீயத் தூக்கிகினு ரயிலேறச் சொல்றியா?"

"ஒண்ணுமில்லன்னா போறதுக்கு இன்னா பயம்?"

"பயமா? எனுக்கா?"

"பின்ன? ரத்தப் பொரியல் செய்ய தைரியம் கீது, புட்டியத் தொட தைரியம் இல்ல."

"அந்தப் பேச்ச எடுக்காத! அன்பா குட்த்தேன், தெருவுல கவுக்க வெச்ச."

"நீதான் கவுத்த. இப்பவும் அன்பாத்தான் சொல்றேன். எனுக்கு நீ ஒருத்திதான் கீற. நீயும் பூட்டா நா எவ கூட சண்ட போடறது?"

அப்புறம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

இவள் வீட்டுக்கு வரவில்லை. அக்காவின் அடுப்படியிலேயே பாயைப் போட்டுவிட்டாள், அக்கா கள்ளத்தனமாக ஈரல் வாங்கிவிடாமல் காவல். கேழ்வரகுக் கூழும் மோரும்தான். எனக்கும் பிள்ளைகளுக்கும் நானே சோறாக்கினேன். புட்டியைத் தூக்குவாளியில் வைத்து இந்தத் தடவை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் புட்டியும் லேசாக நிறம் மாறியது. ஆடு இல்லை, ஈரல் இல்லை, அவளுடையதேதான். கீழ்ப்பக்கமாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கத்தரிக்காய்க் காம்பில் பிஞ்சு தொங்குகிற மாதிரி ஒரு சின்னச் சதை. அதை அந்தக் குழாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் கத்தி படவில்லை, ஊசி இல்லை, வாய் வேகவில்லை. இது இன்னும் புற்று ஆகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும், தங்கைக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

அக்கா வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். முன்னால் இவள் நின்ற அதே மரம்.

"இம்மாத்தூண்டுதான்டி" என்று சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். "இம்மாத்தூண்டுக்கா நீ அம்மாம் பாடு பட்ட?"

பிறகு எங்களிடம் வந்து அந்த லாந்தரைக் கேட்டு வாங்கினாள். வெளிச்சம் கூடாது என்று கத்தியவள், விடியற்காலையில் லாந்தரோடு முன்னால் நடந்தாள். அவள் குரலுக்கு எதிர்க்குரல் கொடுக்கத் தெருவில் ஆளில்லை. "திரும்பிப் பாருங்கடி, பாத்துட்டு வாங்கடி" என்று அதட்டுவாளாம். கொஞ்ச நாளில் இன்னும் இரண்டு மூன்று லாந்தர்கள் கறுப்படித்துக்கொண்டு வந்தன. பெயிண்ட் நான்தான் கொண்டுவந்தேன்.

என் மனைவி அந்தப் புற்றில் போகவில்லை. முடி நரைத்து, பல் போய், வாய் மட்டும் போகாமல் ரொம்பக் காலம் இருந்தாள். வேறு எதிலோ, தூக்கத்தில் போனாள். அக்கா அவளுக்கும் பிறகுதான் போனாள். இரண்டு பேரும் கடைசிவரை எங்கள் பிள்ளைகளை விடவில்லை. நடுவயசு ஆனதும் ஒவ்வொருத்தரையும் புட்டியோடு ஆஸ்பத்திரிக்கு விரட்டி அனுப்பினார்கள். இன்னும் போகிறார்கள்.

இப்போது எல்லார் வீட்டிலும் கக்கூஸ் இருக்கிறது, பளிச்சென்று பல்பு எரிகிறது. தண்ணீரைத் திறந்துவிட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய இருட்டேதான், பல்பு மட்டும் புதுசு. எனக்கு எழுதத் தெரியாது, சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள். உங்கள் வீட்டில் அக்கா தங்கை, அண்ணன் தம்பி இருப்பார்கள். மூச்சு வாங்குகிறவர் இருப்பார், எனக்கென்ன குறைச்சல் என்கிறவரும் இருப்பார். கோபித்துக்கொள்வார்கள், வாசலை மிதிக்காதே என்பார்கள். அவர்கள் அடுப்படியில் பாயைப் போட்டாவது இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அந்த ஆட்டு ரத்தத்தை மறக்காமல் சொல்லுங்கள். அதற்குச் சிரித்துவிட்டால் புட்டியைக் கையில் வாங்கிவிடுவார்கள்.